கருங்குடை நாயகியும் மூன்று பாராட்டுகளும்

வாழி ரெஜிலா! திங்கள்சந்தை ஈன்ற திருவிளக்கே, பன்னிரண்டாம் வகுப்பென்னும் பாலையை வெறுங்காலால் கடந்த பைந்தொடியே, வாழி! மன்னர்க்கு வெண்கொற்றக்குடை வாய்த்ததெனில் உனக்கு வாய்த்தது கம்பியொடிந்த கருங்குடை ஒன்று. அதனையே நிழலாகவும் வேலாகவும் ஏந்தி, ஆனிமழையின் கோடிக்கணைகளைத் தடுத்து, மதங்கொண்ட களிறெனப் பிளிறிவந்த நாகர்கோவில் பேருந்தின் படிக்கட்டில் தாவி ஏறி, இயற்பியல் பட்டவகுப்பின் ஓரிடத்தை வென்றெடுக்கச் சென்ற உன் வீரத்தைப் பாட ஆயிரம் நாவுடையோர் வேண்டும்; கிடைத்தது யாம் ஒருவரே.

நேர்காணல் களத்தில் வினாக்கள் வந்தன, வீழ்ந்தன. வானம் ஏன் நீலம் என்றார்கள். நீலம் மட்டுமன்றி அந்திச் சிவப்பின் காரணத்தையும் சேர்த்துரைத்தாள் நாயகி. முடிவில், மூக்குக்கண்ணாடியணிந்த மூதறிவாட்டி பேராசிரியை சத்தியபாய் மூன்று சொற்கணைகளை எய்தார்: "ரொம்ப நல்லா பேசின மக்கா. உன்ன மாதிரி பிள்ளையதான் வேணும். சந்தோஷமா போயிட்டு வா."

நாயகி வீடு மீண்டாள், சொட்டச் சொட்ட நனைந்தபடி. அந்த ஈரத்தின் காரணத்தை அப்போது எவரும் ஆராயவில்லை. ஏனெனில் பாராட்டின் செய்தி கேட்ட கணமே அவ்வில்லத்தில் இழவு விழுந்தாற்போல் இருள் கவிந்தது.

இது எங்ஙனம் என்பீராயின், இதன் இயக்கத்தைப் பொறுமையாக விளக்குதல் எம் கடன். அவள் தந்தை ஜான்ரோஸ், செவ்வாழையும் மட்டியும் ஏத்தனும் மலைபோல் குவியும் சந்தையில் நரைகண்ட வாழைக்குலை வியாபாரி. அச்சந்தையின் நெறி இது: குலையை வாங்க நினைப்பவன் விலையைக் குறைத்தாக வேண்டும், குறைக்கவேண்டுமெனில் குறை கூறியாக வேண்டும். காம்பு கறுத்தது என்பான், சீப்பு மெலிந்தது என்பான், பிறகு மடியை அவிழ்ப்பான். வாங்க நினையாதவனுக்கோ அந்தக் கவலை இல்லை. ஆகவே அவன் குலையைத் தடவி, 'அடடா, என்ன திரட்சி' என்று மெச்சிவிட்டு வெறுங்கையோடு நடப்பான். பாராட்டென்பது வாங்காதவன் விட்டுச்செல்லும் இலவசப் பொருள். இவ்வுண்மையை முப்பதாண்டு வெயிலில் காய்ந்து கற்ற பெருமகன், மகளை நோக்கித் துயர்மிகு குரலில் சாற்றினான்:

"ஏட்டி, குலைய மெச்சுனவன் என்னைக்காவது வாங்கிட்டுப் போயிருக்கானா?"

"அப்பா, நான் குலை இல்ல" என்றாள் நாயகி.

அன்னை ஞானபாய் வேறோர் அறிவுத்துறையில் வல்லவள். பெண் பார்க்க வருவோர் பலகாரத்தையும் பிள்ளையையும் எவ்வளவுக்கெவ்வளவு புகழ்கிறார்களோ, அவ்வளவுக்கவ்வளவு திரும்பி வாரார் என்பது அவள் துறையின் முதல் விதி. "எனக்க தங்கச்சிய பாக்க வந்தவியளும் தங்கம் தங்கம்னுதான் சொன்னாவ. பின்ன ஆளக் காணல" என்று அவள் வழிமொழிந்தாள். சந்தையும் சம்பந்தமும் ஒன்றுபட்டபின் எதிர்வாதம் ஏது?

தன்னம்பிக்கை தளர்ந்த நாயகி, குளச்சலில் வாழும் ஆருயிர்த்தோழி ஷப்னாவைக் கைபேசியில் அழைத்தாள். அவளும் அன்று அதே களம் கண்டவள். ஷப்னாவின் மொழி இடியாய் இறங்கிற்று: "எனக்கும் அந்த மூணும்தான் சொன்னாவ மக்கா. எனக்கு அடுத்தாப்ல போன பயலுக்கும் அதேதான். அவன் வாயே தொறக்கல்ல."

இதற்கிடையில் கதிரவன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தான். திருநெல்வேலியில் ஒரு கல்லூரி வணிகவியலில் இடம் தந்திருந்தது; மாலை ஐந்துக்குள் பணம் கட்டாவிடில் அது பறிபோகும், கட்டினாலோ ரெஜிலாவின் வானமும் நீலமும் பறிபோகும். கையிலிருந்த பணம் ஒரு கல்லூரிக்கே போதும். அந்தப் பணத்தைக் கட்டக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் புறப்பட எழுந்த ஜான்ரோஸ் ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். சாவி நாயகியின் கைமுட்டிக்குள் இருந்தது.

மூண்டது போர்! முன்னே மகள், பின்னே தகப்பன், ஏழு சுற்றுச் சுற்றி எக்காளம் ஊதி எரிகோவின் மதிலை வீழ்த்திய வேதாகமத்து இஸ்ரவேலரைப்போல் இருவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றினர். வேட்டி நிலைகுலைந்தது, ஊறுகாய்ப் பரணி உயிருக்கு அஞ்சி நடுங்கிற்று, ஞானபாய் எப்பக்கமும் சேராது, மேசைமேலிருந்த கண்ணாடித் தம்ளர்களை மட்டும் காத்து நின்றாள். மடைதிறந்த பேச்சிப்பாறை அணைநீர்போல் மகள் பாய, சந்தைக்கு வந்த சரக்குலாரிபோல் தந்தை மூச்சிரைத்துத் தொடர, ஏழாம் சுற்றில் எக்காளம் ஒலித்தது. ஜான்ரோஸின் கைபேசி!

கல்லூரி அலுவலகத்திலிருந்து பொன்னுலிங்கம் என்பவர் பேசினார். அவர் குரல் ஒலிபெருக்கி வழியே இல்லமெங்கும் பரந்தது: "உங்க பிள்ளை குடைய இங்க விட்டுட்டுப் போயிட்டு. கம்பி ஒண்ணு ஒடிஞ்சு கெடக்கு, துணியும் நைஞ்சிருக்கு."

ஜான்ரோஸின் திருமுகம் கிழக்கு வெளுத்தாற்போல் ஒளிர்ந்தது. கைபேசியைப் பொத்திக்கொண்டு, முப்பதாண்டு ஞானமும் நெஞ்சில் பொங்க, மனையாளிடம் முழங்கினான்:

"கேட்டியா ஞானம்? குறை சொல்லிட்டாவ. இனி எடுத்துக்கிடுவாவ."

ஒடிந்த கம்பிக்கும் இயற்பியல் இடத்துக்கும் என்ன தொடர்பென்று அவன் மகள் வினவ வாயெடுக்குமுன், அம்மனிதர் கொட்டாவியினூடே தொடர்ந்தார்: "அவசரமில்ல. லிஸ்ட் இப்பதான் ஒட்டினோம், பிள்ளைக்க பேரு இருக்கு. திங்கக்கெழம கிளாஸுக்கு வரும்போ எடுத்துக்கிடட்டு."

அக்கணமே முட்டி விரிந்தது, சாவி வீழ்ந்தது, எரிகோ தகர்ந்தது. அன்னை அழுதாள்; தந்தை தன் சந்தைச் சாத்திரம் நிலைநாட்டப்பட்டதெனத் தெருவெல்லாம் அறிவித்து உலாப்போனான். மூதறிவாட்டியின் மூன்று பாராட்டுகளோ, அன்று அவ்வறையில் நுழைந்த நல்லோர்க்கும் ஊமையோர்க்கும் பொதுமழையெனப் பொழிந்தவை, பொருள் கூறுவாரின்றி விண்ணில் கலந்தன. மூவுலகும் வியக்கும் அக்கருங்கொற்றக்குடையை மீட்க, வாகைசூடிய வஞ்சி மீண்டும் களிறேறிச் சென்ற அத்திருநாளும் வந்தது.

ரெஜிலா ஆபீசில் குடையை வாங்கிக்கொண்டாள், அன்றைக்கு மழை இல்லை.