கச்சிபௌலிக் கடலில் ஒரு 'டக்'

ஹைதராபாத் கச்சிபௌலியில் கடல் இல்லை என்பதை ஒரு பிழையாகப் பதிவு செய்து, அதைச் சரிசெய்யவும் கிளம்பிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் உப்பு அண்ணன்தான்.

ஒரே கம்பெனி, ஒரே வாடகை வீடு என்பதால், அந்த யோசனை அவருக்கு உதித்தபோது நான் பக்கத்தில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாடி பால்கனி. கீழே கம்பெனி ஷட்டில் பஸ்கள் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அண்ணன் போனில் இருந்தார். மறுமுனையில் தூத்துக்குடியிலிருந்து அண்ணி. கல்யாணமாகி ஒரு மாதம், பி.எட். பரீட்சை முடிந்ததும் இங்கே வருவதாக ஏற்பாடு.

"அங்க கடலே கெடையாதாம்லா? சாயங்காலமானா எங்க போயி நிக்க?" என்று அண்ணி கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். பாறை, கிரேன், இன்னொரு கிரேன். "நீ வாரதுக்குள்ள இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாளே மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஹாலுக்கு வந்தது. டிவி என் அறைக்குப் போனது. வீட்டிலிருந்த ஒரே பக்கெட்டில் அவர் சதா உப்பு கரைத்துக்கொண்டிருந்ததால், குளிக்கப் போன நான் ஊறுகாயாகத்தான் வெளியே வந்தேன். 'உப்பு அண்ணன்' என்று நான் பெயர் வைத்தது அப்போதுதான். ஒரு மாதம் தண்ணீரை மீன் வாழத் தோதாகப் பக்குவப்படுத்தி, கடலிலிருந்து வந்த ஓட்டைப் பாறைகளை அடுக்கி, ஐந்து நீல மீன்களையும் வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சு மீன் இரண்டையும் விட்டார். ஆரஞ்சு ஜோடிதான் அண்ணிக்கு. மற்றதெல்லாம் துணைப் பாத்திரங்கள்.

மூன்றாம் நாள் நீல மீன் நான்கு. ஐந்தாம் நாள் மூன்று.

"செத்துப் போயிருக்கும்ணா" என்றேன்.

"பொணம் எங்கலே?"

அவர் வேலை டெஸ்டர். நான் எழுதுகிற புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ரெண்டாவது ஆள் பார்க்காத எதுவும் பிழை கிடையாது என்பது அவருடைய மாறாத விதி. முதல் சந்தேகம், பாறையோடு வந்து காலிச் சங்குக்குள் குடியிருந்த ஒரு நண்டின் மேல். அதைப் பிடித்து பிஸ்கட் டப்பாவில் இரண்டு நாள் காவலில் வைத்தார். அந்த இரண்டு நாளுக்குள்ளும் இன்னொரு மீன் குறைந்தது. நண்டை விடுதலை செய்தபோது, "தப்பா நெனச்சுட்டேன், மனசுல வச்சுக்காத" என்று சங்கின் வாயருகே குனிந்து சொன்னதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரம் அமெரிக்க வாடிக்கையாளரோடு கான்பரன்ஸ் கால். எங்கள் மேனேஜர் பூரிப்போடு உட்கார்ந்திருந்தார். அமெரிக்கர் பிழைப் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"இதில் 'நீல மீன்கள் மறைகின்றன, அடுத்து ஆரஞ்சு மீன்களுக்கு ஆபத்து' என்றிருக்கிறதே, அது எந்த மாட்யூல்? ரிலீஸ் தள்ளிப்போகுமா?"

உப்பு அண்ணன் பழக்க தோஷத்தில் தொட்டிப் பிரச்சினையை ஆபீஸ் சிஸ்டத்திலேயே பதிவு செய்திருந்தார். தீவிரம்: ஒன்று. எப்போது நிகழ்கிறது: விளக்கை அணைத்தால். பொறுப்பு: நான்!

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மேஜையைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும்" என்றேன். அன்றைக்குத்தான் அண்ணி வருகிறார்.

"வெரி குட்" என்றார் அமெரிக்கர். அந்தக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

டிவி போய்விட்ட ஹாலில் நிசப்தம் இருந்ததால்தான் அது கேட்டது. சனிக்கிழமை காலை, பாறைக்குள்ளிருந்து, விரல் சொடுக்கியதுபோல: டக்!

"எலே, கேட்டியா?"

"கேட்டுச்சுங்ணா."

"அப்பம் பிழைதான்" என்றார், முகமெல்லாம் பல்லாக. அடுத்த நிமிடம் முகம் வாடியது. கடைசி நீல மீனும் இல்லை. ஆரஞ்சு மீன் ஒன்றுக்கு வால் கிழிந்திருந்தது.

பைக்கில் பேகம்பேட்டுக்குப் பறந்தோம். மீன்தொட்டிக் கடைக்காரர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். சத்தத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஹவ், டக்குன்னு கேட்டுச்சா? பாறையோட மான்டிஸ் இறால் வந்துக்கீது தம்பி. கை வுடறது நக்கோ, வாணாம்! மீனத் தின்னுட்டுக் கண்ணாடியவே ஒடைக்கும் அது."

"வேற என்னண்ணே செய்ய?"

"பாறைய வெளிய எடுத்து, பொந்துல சோடா ஊத்துங்க. கைக்கு, ஏன்னு கேக்காதீங்க. ஓடியாரும்."

ஞாயிறு மதியம் அந்தப் பாறையைப் பக்கெட்டின் மேல் பிடித்துக்கொண்டு நான். கையில் சோடா பாட்டிலோடு அண்ணன். முதல் பாட்டிலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பொந்துக்குள் ஏதோ தும்மியது. மூன்றாவதில் பச்சை நிறத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ஒன்று பாய்ந்து, பக்கெட்டில் விழுந்து, வந்த வேகத்தில் பக்கெட்டை ஒரு குத்துக் குத்தியது. தண்டின் மேல் இரண்டு கண். ஒன்று என்னைப் பார்த்தது, இன்னொன்று அண்ணனை.

"கொன்னுறலாங்ணா."

"கண்டுபிடிக்கதுதான்லே டெஸ்டர் வேல. ஒழிக்கது டெவலப்பர் வேல. நீ செய்யி."

செருப்பை எடுத்தேன். அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்தது. செருப்பைக் கீழே போட்டேன். பழைய காவல் டப்பாவில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதை உள்ளே அடைத்து, தொட்டிக்குக் கீழே மறைத்துவைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

சாயங்காலம் அண்ணி வந்தார். அண்ணன் மேஜிக் காட்டுகிறவர்போலத் தொட்டி விளக்கைப் போட்டார். ஆரஞ்சு மீன்கள் இரண்டும் உயிரோடு, கிழிந்த வாலோடு, கடமை தவறாமல் முன்னால் வந்து நின்றன.

"ம், அழகா இருக்கு" என்றார் அண்ணி. அவ்வளவுதான். ஒரு மாதத்து உப்பும் அந்த ஒரு 'ம்'மில் கரைந்து போவதை அண்ணன் முகத்தில் பார்த்தேன்.

கீழேயிருந்து டக்!

அண்ணி குனிந்தார். டப்பாவை வெளியே இழுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, இதா! எங்க அப்பா வலையில வந்து எத்தன தடவ அவங்க வெரல கிழிச்சிருக்கு தெரியுமா! இது எப்டி இங்க வந்துச்சு?"

உப்பு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"உனக்குன்னுதான்... வரவழைச்சேன்" என்றார்.

திங்கட்கிழமை அந்தப் பிழை மூடப்பட்டது. காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது: 'பிழையல்ல. வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டது.'

அண்ணனும் அண்ணியும் இப்போது பேகம்பேட்டில் இருக்கிறார்கள், தனித்தொட்டி கொடுக்கப்பட்ட அந்த இறாலோடு. போன மாதம் நானும் ஒரு தொட்டி வாங்கினேன். நேற்று என் பாறைக்குள்ளிருந்து 'டக்' என்றது. சோடா மூன்று பாட்டில் தயார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரை மூடியைத் திறக்க மாட்டேன். நான் மட்டும் கேட்டால் அது பிழையாகாதே. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க, பேகம்பேட்டிலிருந்து ரெண்டாவது ஆள் வர வேண்டும்.