தீர்த்தம் குடித்த எஞ்சின்

யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் தங்களை வைத்தியர் என்றும், மீதிப்பேர் தங்களை மெக்கானிக் என்றும் நினைத்துக்கொண்டு திரிபவர்கள். முதல் ரகத்தால் நோயாளிக்கு மட்டும்தான் ஆபத்து. நான் இரண்டாவது ரகம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு லண்டன் வந்து, டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். மாலதியைச் சந்தித்தது அந்தக் கடையில்தான். (பக்கத்தில் வேலை செய்தவள், முருங்கைக்காய் வாங்க வந்தாள். முற்றலாகப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். திட்டுவதற்கு மறுநாளும் வந்தாள்.) கலியாணத்துக்கு அவளுக்குச் சம்மதம், அவள் தாயாருக்கும் சம்மதம். தகப்பனார் மட்டும் மதில்மேல் பூனையாக இருந்தார்.

அந்தத் தகப்பனார், சபாரத்தினம் அங்கிள், ஊரில் வங்கி மனேஜராக இருந்தவர். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் குடியிருந்துகொண்டு பக்கத்தில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனை நடத்தினார். அவருடைய மூத்த மருமகன் பல் வைத்தியர். கைக்குழந்தையாக லண்டன் வந்து இங்கேயே வளர்ந்தவர். அங்கிள் என்னைப் பார்க்கிற பார்வையிலேயே அந்தப் பல் வைத்தியர் பக்கத்தில் நிற்பது தெரியும். அங்கிளை எப்படியாவது மடக்க வேண்டும் என்றுதான் என் காரின் எஞ்சினில் கைவைத்தேன். பெற்றோல் விற்றுச் சாப்பிடுகிற மனிதரிடம் பெற்றோலே தேவைப்படாத காரோடு பெண் கேட்டுப் போகலாமா என்ற யோசனை மருந்துக்கும் வரவில்லை.

என்னிடம் இருந்தது ஒரு கிழட்டுக் கார். சமையலுக்குப் பாவிக்கிற மாதிரியான காஸிலேயே அதை ஓட்டலாம் என்று எங்கோ படித்திருந்தேன். காஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சிலிண்டருக்குள் எவ்வளவு இறுக்கி அமுக்கினாலும் பெற்றோலைப்போல நேரத்துக்கு முந்தி அவசரப்பட்டு வெடிக்காது. அமுக்கம் கூடினால் இழுவையும் கூடும். ஆகவே சும்மா காஸுக்கு மாற்றிவிட்டு ஓட்டுகிறவன் மடையன், அமுக்கத்தையும் கூட்டுகிறவனே எஞ்சினியர் என்று முடிவு செய்தேன்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அமுக்கம் கூடுவதற்காக அதன் அடிப்பக்கத்தைச் சீவக் கொடுத்தேன். காஸ் தாங்கியை டிக்கியில் பூட்டினேன். பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுவதும், காதைச் சாய்த்துக் கேட்பதும், பின்னுக்கு இழுப்பதுமாக ஒரு கோடைகாலம் போனது. என்னோடு அறையில் இருந்த குகன், சோறு வடிக்கிற சட்டிக்குள் வால்வுகள் ஊறுவதைக் கண்ட நாளிலிருந்து கடையில் சாப்பிடத் தொடங்கினான்.

அவ்வளவு அமுக்கத்தில் பொறி பாய்வதற்கு மின்சாரம் பலமாக வரவேண்டும். அதனால் பிளக்குகளுக்குப் போகும் வயர்களையும் மாற்றியிருக்க வேண்டும். அவை பழசாகி வெடிப்பு விட்டிருந்தன. பரவாயில்லை, ஓடும்தானே என்று விட்டேன். (எஞ்சினியர்.)

அங்கிளிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"தம்பி, நாங்கள் பெற்றோல் தடையில மண்ணெண்ணெயில கார் ஓடின ஊரில இருந்து வந்தனாங்கள். எங்களுக்கு நீர் காஸ் காட்டுறீரோ?"

பிறகு, வெள்ளிக்கிழமை குடும்பமாகக் கோவிலுக்கு வருவதாகவும், காரை அங்கே கொண்டுவரும்படியும், அதில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசலாம் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காருக்குப் பூசை ஏற்பாடு செய்தேன். குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்தவர். பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் கெட்டித்தனம் முழுவதும் பொனட்டுக்குள் அல்லவா இருந்தது? திறந்து நிமிர்த்தினேன்.

"ஐயா, எஞ்சினுக்கும் தெளியுங்கோ. உள்ளுக்கு நல்லாப் படட்டும்" என்றேன்.

அவர் மாவிலையால் ஆசைதீரத் தெளித்தார். செம்பில் மிச்சமிருந்ததையும் எஞ்சினின் தலையிலேயே ஊற்றினார். நான் கும்பிட்டுவிட்டு ஏறித் திறப்பைத் திருப்பினேன்.

எஞ்சின் இருமியது. பழைய வயர், போதாததற்கு ஈரம். ஒரு சிலிண்டருக்குப் போகவேண்டிய பொறி பக்கத்து வயருக்குத் தாவி, வால்வு திறந்திருந்த இன்னொரு சிலிண்டரில் விழுந்தது. உள்ளே வந்துகொண்டிருந்த காஸ் அத்தனையும் வந்த வழியாலேயே திரும்பி வெடித்தது. எயார் ஃபில்டரின் மூடி கோவில் கூரைக்கு மேலால் பறந்தது.

காரின் சொந்தக்காரன் நான். அந்தச் சத்தத்தைப் பெற்றவனும் நான். கதவைத் திறந்து பாய்ந்து முதல் ஆளாக நிலத்தில் விழுந்தவனும் நான்தான்.

தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். கார் நிறுத்துமிடம் முழுவதும் சனம் குப்புறக் கிடந்தது. கோட் போட்டவர்கள், வேட்டி கட்டியவர்கள், புதுப் பச்சைச் சேலையோடு மாலதி, அர்ச்சனைத் தட்டைக் கைவிடாமல் அவள் தாயார். ஒருவரும் கத்தவில்லை. குருக்கள் மட்டும் வெறும் செம்போடு நின்று, "ஏன் எல்லாரும் படுத்துண்டுட்டேள்?" என்று கேட்டார். எதிரே பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி, வழிபாடு நடக்கிறதென்று நினைத்துப் பயபக்தியோடு தலை குனிந்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை பேரும் ஊரில் பழகியபடியே ஒரே மாதிரிக் கிடந்தார்கள். கலியாணம் சரி, போயிற்று என்று நினைத்தேன்.

பக்கத்தில் படுத்திருந்தது சபாரத்தினம் அங்கிள். கன்னத்தில் மண். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"முழங்கை ஊண்டி, நெஞ்சு நிலத்தில முட்டாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து... முறையாத்தான் படுத்திருக்கிறீர்" என்றார்.

(வாயை மூடியிருந்தால் குண்டுச் சத்தத்தில் செவிப்பறை கிழியும். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும்.)

என் வாய் இன்னும் திறந்தபடி இருந்தது. அங்கிள் தலையை மறுபக்கம் திருப்பினார். அங்கே பல் வைத்தியர் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி புகையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூத்தவரைப் பாரும். இன்னும் நிண்டுகொண்டு நிக்கிறார்" என்று பெருமூச்சு விட்டார். எழும்பி மண்ணைத் தட்டிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். "மகளைத் தாறன். ஆனால் அந்தச் சாமானைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் பெற்றோலுக்கு மாத்தும்."

வேறு ஹெட் வாங்கிப் பூட்டினேன். அன்றிலிருந்து அவருடைய ஸ்டேஷனில்தான் பெற்றோல் அடித்தேன். மருமகன் என்று ஒரு பென்ஸ் காசுகூடக் குறைக்கவில்லை.

இன்றைக்கும் பிறந்தநாள் வீடுகளில் பலூன் வெடித்தால் எங்கள் குடும்பம் முழுவதும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கும். யாராவது புது மாப்பிள்ளை கிடைத்தால் அமுக்கம், காஸ், பொறி என்று நான் தொடங்குவேன். மாலதி விடமாட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட வாய் ஒரே ஒருக்காத்தான் உதவினது. அண்டைக்கும் அதில இருந்து ஒரு சொல்லும் வரேல்ல."