மூன்றாவது வளைவும் இரண்டு கார்டும்

பஸ் மூன்றாவது வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. காலையிலிருந்து இது நான்காவது முறை. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் பயணிகள் அலறினார்கள்.

சமையலறையிலிருந்து மனைவி அம்சா கேட்டாள். "இந்தவாட்டி எத்தினி பேரு?"

"நாப்பத்தி ரெண்டு" என்றார் துளசிங்கம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் தப்பு இல்ல. படம் நின்னு நின்னு வருது."

துளசிங்கம் ஓய்வு பெற்ற டிரைவர். கெங்கம்மாள் பஸ் சர்வீஸ் என்ற தனியார் வண்டியைத் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வேலையை விட்ட அன்று முதலாளி சால்வை போர்த்தி அதை மைக்கில் மூன்று முறை சொன்னார். துளசிங்கம் அதற்குப் பிறகு முந்நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

மகள் தேவிப்பிரியா பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போனாள். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அதில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு, மேஜையில் மாட்டுகிற ஸ்டீயரிங்கும் வாங்கி அனுப்பினாள். துளசிங்கத்துக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. தினமும் குளித்து, விபூதி இட்டு, காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவார். ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். எடுத்த வண்டி மூன்றாவது வளைவைத் தாண்டியதில்லை.

அது அவருக்கும் அம்சாவுக்கும் மட்டும் தெரிந்திருந்தவரை தொந்தரவில்லை. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் அம்சாவின் தம்பி சுதாகர், அக்காவையும் பாவாவையும் பார்க்க வந்தவன், ஐந்தாவது விபத்தைச் செல்போனில் படம் பிடித்தான். பழைய பஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு யார் அனுப்பினார்கள் என்று அவனைக் கேட்டால் தெரியாது என்பான். பத்து நிமிடத்தில் குழுவில் மலர்வளையங்கள் குவிந்தன. 'வண்டிக்கு எப்.சி. சர்ட்டிபிகேட் இருக்குதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

துளசிங்கம் உடனே குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார்.

"வர ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எல்லாரும் வூட்டுக்கு வாங்க. ஒரு கல்லுகூட படாம மலை மேல ஏத்திக் காட்டறேன். இல்லன்னா இனிமே ஸ்டீயரிங்கயே தொடமாட்டேன்."

சொன்ன பிறகுதான் அன்று செவ்வாய்க்கிழமை, இடையில் நான்கே நாள் என்பது உறைத்தது.

ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அல்தாஃப், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"கிராபிக்ஸ் கார்டே இல்ல நைனா. திரையில படம் வரையறதே அதான். நல்லதா ஒண்ணு போட்டுக்குங்க, போதும்."

"ஒண்ணு எப்பிடிப் போதும்?" என்று கூட வந்திருந்த சுதாகர் குறுக்கே புகுந்தான். "மலை ஏர்ற ரயிலுக்கு ரெண்டு என்ஜின் மாட்றாங்க இல்ல? ரெண்டு போடு. பாவா கௌரவம் இதுல கீது."

"ரயில் வேற, இது வேறண்ணே. ரெண்டு போட்டா, ஒண்ணு ஒரு படம் வரையும், இன்னொண்ணு அடுத்த படம் வரையும். ரெண்டுக்கும் ஒத்துப் போவலன்னா தடுக்கிக்கினு நிக்கும். இப்ப வர கேம் எதுவும் ரெண்டாவது கார்டத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

"நம்ம கேம் பழசுதானே?"

"ஆங், அது ரெண்டையும் எடுத்துக்கும். ஆனா..."

'ஆனா'வைத் துளசிங்கம் காதில் வாங்கவில்லை. மலை, என்ஜின் என்ற இரண்டு சொற்களிலேயே அவர் மனம் முடிவு செய்துவிட்டது. பழைய கார்டுகளாக இரண்டு தேடிப் பிடித்து, புதன்கிழமை மாலை மாட்டியாயிற்று.

மாட்டியதும் பெட்டியின் கதவு மூடவில்லை. கதவைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள். இரண்டு கார்டுக்கும் கரண்டு போதவில்லை. அதற்குப் பெரிய பவர் சப்ளை ஒன்று வந்தது. அது வந்ததும், கம்ப்யூட்டர் ஓடும்போது அம்சா மிக்ஸியைப் போட்டால் வீடு முழுக்க இருட்டாகியது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் மிக்ஸி வாணாம்" என்றார் துளசிங்கம்.

"சட்னிக்கு?"

"ஊறுகா இல்லியா?"

வியாழக்கிழமை இட்லிக்கு ஊறுகாய். வெள்ளிக்கிழமை தோசைக்கும் ஊறுகாய். இவ்வளவுக்கும் பிறகு பஸ் முன்னைவிட அதிகமாகத் தடுக்கியது. வளைவுக்கு முன்னால் இருக்கும், கண் சிமிட்டினால் வளைவுக்குள் இருக்கும். நடுவில் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

"சூடு ஏறுது பாவா" என்று சுதாகர் கண்டுபிடித்தான். கார்டுகள் இரண்டும் தோசைக்கல் போலக் காய்ந்தன. டேபிள் பேனைக் கொண்டுவந்து, திறந்த பெட்டிக்கு நேராக வைத்து முழு வேகத்தில் திருப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, மறுநாள் வருகிறவர்களுக்கு முறுக்கு வேண்டும் என்று துளசிங்கமே சொன்னார். மிக்ஸிக்குத் தடை என்பதால் அம்சா மில்லுக்குப் போய் அரிசி அரைத்து வந்தாள். கூடத்தில் பேனுக்குப் பின்னால் உட்கார்ந்து மாவு சலித்தாள். பேன் அந்த மாவை இழுத்துக் கம்ப்யூட்டருக்குள்ளும் திரைமேலும் இறைத்தது. துளசிங்கம் மலைப்பாதையில் பனி இறங்குகிறது என்று நினைத்து ஹெட்லைட் போட்டார். அப்புறம் திரை அணைந்தது.

அல்தாஃப் வந்து பெட்டியைப் பார்த்தான்.

"இன்னா நைனா, உள்ள கோலம் போட்டிருக்கீங்க?"

இரண்டு கார்டில் ஒன்று பிழைக்கவில்லை. மற்றதையும் அல்தாஃப் கழற்றினான். "இப்பவாவது சொல்றதக் கேளுங்க" என்று கடையிலிருந்து புதிய கார்டு ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். பரண்மேல் இருந்த கதவு பொருந்தியது. மிக்ஸியும் ஓடியது. அம்சா அன்று மூன்று வகைச் சட்னி அரைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூடம் நிறைந்தது. பழைய டிரைவர்களும் செக்கர்களும் முறுக்கைக் கடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வரமுடியாதவர்களுக்காகச் சுதாகர் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். அல்தாஃப் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். துளசிங்கத்துடன் இருபத்தெட்டு வருஷமும் ஒரே வண்டியில் கண்டக்டராக இருந்த பச்சையப்பன், ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து, வாசற்படி ஓரமாக டீயோடு உட்கார்ந்திருந்தார்.

துளசிங்கம் ஸ்டீயரிங்கைக் கண்ணில் ஒற்றி வண்டியை எடுத்தார். படம் எண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு ஓடியது. சாலையோரம் மேயும் ஆட்டின் தாடிகூடத் தனித்தனி மயிராகத் தெரிந்தது. முதல் வளைவு. "பலே!" என்றார் ஒருவர். இரண்டாவது வளைவு. அம்சாகூடக் கரண்டியோடு வந்து நின்றாள்.

மூன்றாவது வளைவில் பஸ் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. கார்டு நல்ல கார்டு என்பதால் ஒவ்வொரு கண்ணாடிச் சில்லும் தெளிவாகத் தெரிந்தது.

யாரும் முறுக்குக் கடிக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் சுதாகர். "புதுசா ரெண்டு வாங்கியிருக்கணும்."

"படம் ஒரு இடத்துலகூட நிக்கலியேண்ணே!" என்று அல்தாஃப் கத்தினான். "இதுக்கு மேல இன்னா வேணும்?"

"நிக்கலன்னா வண்டி ஏன் வுழுது?" துளசிங்கம் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் அவர் கண் வாசற்படியில் போய் நின்றது. "பச்சையப்பா, நீயே சொல்லு. இருபத்தெட்டு வருசத்துல நம்ம வண்டியில ஒரு கீறல் வுழுந்துதா?"

"இல்லண்ணே."

"அப்ப கோளாறு கார்டுலதானே? ஒண்ணு போடறதா, ரெண்டு போடறதா? நீ சொல்றதுதான் தீர்ப்பு."

எல்லோரும் திரும்பினார்கள். பச்சையப்பன் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"கார்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, நீ எப்பவும் போலத்தான் ஓட்டின, நான்தான் இன்னிக்கு பின்னாடி நின்னுகினு 'வளைவு வருது, ஸ்டீயரிங்க ஒடி, ஒடி'ன்னு கத்தல."