ஒஸ்ரியாவில் எங்கட தோட்டம்

தொட்டதற்கெல்லாம் சொந்தக்காரர் என்று ஓர் இனம் ரொறன்ரோவில் பெருகி வருகிறது. குளிர் இதை ஒன்றும் செய்யாது. ஒரு வங்கியில் மூன்று மாதம் நிலம் துடைத்திருந்தால் அது இவருக்கு 'எங்கட பாங்க்'. கால் சுளுக்கி ஒரு நாள் கிடந்துவிட்டு வந்தால் 'எங்கட ஆஸ்பத்திரி'. பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால், அது பனியில் புதைந்தபோது தள்ளி விட ஒரு கை கொடுத்த நாளிலிருந்து அதிலும் இவருக்கு ஒரு பங்கு உண்டு.

இந்த இனத்தைப் பற்றி எழுத என்னை விடத் தகுதியானவர் யார்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவித் தொடங்கி, இன்று மில்லிக்கனில் பலசரக்குக் கடையும், மார்க்கம் நகரில் இரண்டு கார் நிற்கிற கராஜோடு வீடும் வைத்திருக்கிறேன். ஒருவனிடமும் கைநீட்டாமல் தேடியவை. ஆனால் நாலு பேர் கூடுகிற இடத்தில் இவற்றைப் பற்றி வாய் திறப்பேனா? மாட்டேன். எனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் பற்றித்தான் பேசுவேன்.

கனடாவுக்குக் கூட்டிப்போவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் என்னை வழியில், ஒஸ்ரியாவின் தலைநகர் வியன்னாவில், விட்டுவிட்டு மறைந்தான். நகரத்துக்கு வடக்கே, ஹான்ஸ் என்பவருடைய திராட்சைத் தோட்டத்தில் ஓர் அறுவடைக்குப் பழம் பறித்தேன். தகப்பன், தாய், இரண்டு மகள்மார். அவர்களே நட்டு, அவர்களே பிழிந்து, அவர்களே போத்தலில் அடைப்பார்கள். அந்தப் பக்கத்து மண்ணில் விளைகிற பழத்தில் வெள்ளை வைன் மட்டும்தான். சிவப்பு வைன் கேட்டு யாராவது வந்தால் அடுத்த ஊருக்கு வழி காட்டி அனுப்பிவிடுவார்கள். அவ்வளவு ரோசம். மத்தியானத்தில் என்னையும் தங்கள் மேசையில் இருத்தி ஒரு கிளாஸ் ஊற்றித் தருவார்கள்.

ஒருவன் முதலாளியாக அந்த ஒரு கிளாஸ் போதாதா?

ரொறன்ரோவில் பிறந்தநாள் விழாக்களில் எல்லாரும் விஸ்கியோடு நிற்க, நான் ஒரு வெள்ளை வைனோடு போவேன். கிளாஸைச் சுழற்றுவேன். மூக்கை உள்ளே விடுவேன். கண்ணை மூடுவேன். "உது எங்கட பக்கத்து மண் இல்லை" என்று பெருமூச்சு விடுவேன். வெளியே முழங்காலளவு பனி கொட்டும். நானோ, "எங்கட தோட்டத்திலை இந்த முறை ஆலங்கட்டி மழையாம்" என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவி பரிமளம் அந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குப் போய்விடுவாள். சிரிக்கத்தான்.

இப்படி இருக்கையில் என் மகள் துஷானி, தன்னோடு படித்த கிருஷாந்தைக் கட்டப்போவதாகச் சொன்னாள். நல்ல பெடியன். தகப்பன் இராஜரட்ணம் மாஸ்ரர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர். சம்பந்தம் பேச வீட்டுக்கு வந்தார். பலகாரம் சாப்பிட்டார். தேத்தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"சீதனம் எண்டு ஒண்டும் வேண்டாம் அண்ணை. ஆனா ஒஸ்ரியாக் காணியிலை பிள்ளைக்கு எவ்வளவு?"

மூளை 'அப்படி ஒரு காணி இல்லை' என்றது. நாக்கு முந்திக்கொண்டது.

"பாதி."

"எந்தப் பாதி? ரோட்டுப் பக்கமோ, கிணத்தடிப் பக்கமோ?"

"வெயில் விழுற பக்கம்," என்றேன். சமையலறையில் ஏதோ சட்டி விழுந்தது.

அவர் போனதும் துஷானி என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? நீங்கள் அங்க கிரேப்ஸ் பிடுங்கினனீங்கள். தட்ஸ் இற். உங்கட புளுகாலை என்ர கலியாணம் குழம்பினா நான் உங்களோட கதைக்க மாட்டன்."

"ஓம், ஓம். நாளைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

கோப்பை கழுவினதைச் சொல்ல வெட்கப்படாதவன் நான். ஆனால் மறுநாள் மாஸ்ரரின் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, எப்படித் தொடங்குவது என்று காருக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாஸ்ரர் கையில் வைன் கிளாஸோடு கதவைத் திறந்தார். காதில் ரெலிபோன். என்னை இருக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, லண்டனில் இருக்கிற தம்பியோடு கதையைத் தொடர்ந்தார்.

"ஓமடா, எங்கட தோட்டந்தான்... வெள்ளை மட்டும். சிவப்பு நாங்கள் தொடுறேல்லை... கொஞ்சம் புளிப்பு இருக்கும். அது எங்கட மண்ணின்ர குணம்."

எனக்கு உச்சி கொதித்தது. எந்த மண்ணின் குணம்? யாருடைய தோட்டம்? அங்கே குளிரில் விரல் விறைக்கப் பழம் பறித்தவன் நானா, இவரா? உண்மையைப் பணிவாகச் சொல்ல வந்தவன், ரெலிபோனை வைக்கவும் விடாமல் ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

"மாஸ்ரர்! அது உங்கடையும் இல்லை, என்ரையும் இல்லை! ஹான்ஸின்ர தோட்டம்! நான் அங்க கூலிக்கு நிண்டனான்!"

மாஸ்ரர் ஆறுதலாக ரெலிபோனை வைத்தார்.

"அது தெரியும் அண்ணை. பிள்ளை முந்தியே என்ர மகனுக்குச் சொல்லிப்போட்டாள்."

"அப்ப ஏன் எந்தப் பாதி எண்டு கேட்டனீங்கள்?"

"சனம் கேக்கேக்கை விபரமாச் சொல்ல வேணுமே? பெண் வீட்டார் மில்லிக்கனிலை பலசரக்குக் கடை எண்டு சொன்னா, லண்டனிலை ஆர் காது குடுப்பினம்? நீங்கள் நேற்று ஒரு பாதி தந்தீங்கள். இப்ப வந்து அதையும் பறிக்கிறீங்கள்."

நான் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன். என் சொந்தக் கடை எடுபடாதாம். நான் கூலிக்கு நின்ற தோட்டம் எடுபடுமாம்! கோபத்தோடு எழுந்தேன். மாஸ்ரர் இன்னொரு கிளாஸை எடுத்து ஊற்றினார். துஷானியின் கலங்கிய கண் ஞாபகம் வந்தது. இருந்துவிட்டேன். கிளாஸைச் சுழற்றி, "ஆனா கிணத்தடிப் பக்கம் என்ரை," என்றேன்.

கலியாணம் நல்லபடி நடந்தது. மண்டபத்தில் அறிவிப்பாளர் எங்கள் இருவரையும் 'ஒஸ்ரிய நாட்டுத் தோட்ட உரிமையாளர்கள்' என்று ஒலிபெருக்கியில் வரவேற்றார். துஷானி முகத்தை மூடிக்கொண்டாள். பரிமளம் எழுந்து போக அங்கே சமையலறை இருக்கவில்லை. இருந்த இடத்திலேயே சிரித்தாள்.

இப்போது நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் போன கோடையில் பாரிஸில் இருந்து வந்த உங்கள் மைத்துனரை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டுபோய், கம்பியைப் பிடித்தபடி நெஞ்சை நிமிர்த்தி, "எப்பிடி எங்கட தண்ணி?" என்று கேட்டது யார்?