வயிற்றோடு கட்டிய கேமரா

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ்,
12-10-1976

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் மஹாதேவன் அவர்களுக்கு ஜெயராமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் வனஜாவும் சௌக்கியம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் கேமரா சௌக்கியம்.

என் கல்யாணத்தன்று தங்கள் டிரான்சிஸ்டரைக் கிணற்றில் போட்டதைப் பதினோரு வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறீர்கள். போன மாதம் இங்கே வந்தபோதும், பூஜா லீவுக்கு டார்ஜிலிங் போகிறோம் என்று கேமரா கேட்டால், "எடுத்துண்டு போ, அதையும் எங்கேயாவது முழுக்காட்டிட்டு வா" என்றீர்கள். அன்றே தீர்மானித்தேன், உயிர் போனாலும் கேமரா திரும்பி வரும் என்று.

குதிரைச் சவாரியன்று தூறல். கழுத்தில் தொங்கவிட்டால் குதிரை துள்ளும்போது மூக்கு உடையும், உடம்போடு ஒட்டிக் கட்டு என்று ஆபீஸ் நண்பர் கோஷ்தா சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே லாட்ஜிலேயே கேமராவைச் சிவப்புக் கட்டம் போட்ட காம்சாத் துண்டில் சுற்றி ஒன்பது முடிச்சுப் போட்டுக் கட்டிலில் வைத்தேன். வழியில் காபி போட வேண்டுமென்று வனஜாவும் அதன் ஜோடித் துண்டில் பித்தளை ஃபில்டரை மூட்டை கட்டிப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் அவள் தன் மூட்டையைச் சாமான் பையில் போட்டாள், நான் என் மூட்டையை வயிற்றோடு கட்டி, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக் குதிரையேறினேன். குதிரை துள்ளும்போதெல்லாம் உள்ளே டக்டக் என்றது. ஷட்டராக்கும் என்று இன்னும் இறுக்கிக்கொண்டேன். ஓடையைத் தாண்டும்போது குதிரைக்கு என்ன தோன்றியதோ, நடுத்தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. சேணத்தில் மாட்டியிருந்த சாமான் பை நழுவி வெள்ளத்தோடு போயிற்று. குதிரைக்காரன் அதன் பின்னால் ஓடப் பார்த்தான், நான் விடுவேனா, "பேக் ஜானே தோ, முஜே பகடோ!"ன்னு, பை போகட்டும் என்னைப் பிடின்னு, கத்தினேன். அக்கரையிலேர்ந்து வனஜா, "ஐயோ, எங்கம்மா குடுத்த ஃபில்டர்னா!"ன்னு அழறா. "ஃபில்டர் போனா போறது போடீ, அத்திம்பேர் கேமரா என் வயத்துல பத்திரமா இருக்கு"ன்னேன். அன்னியிலேர்ந்து அவ என்னோட பேசறதில்லை. பேசாட்டா போறா.

படம் எத்தனை எடுத்தாய் என்று கேட்காதீர்கள். அவிழ்த்தால் ஈரம் ஏறும், ஆகவே ஒன்றுகூட எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அவிழ்க்கவில்லை. தீபாவளிக்கு மெட்ராஸ் வரும்போது தங்கள் கையால்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததும் எல்லார் முன்னிலையிலும் டிரான்சிஸ்டர் பேச்சை வாபஸ் வாங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சாவித்திரி அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

தங்கள் விதேயன்,
ஜெயராமன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வனஜா, துண்டைத் துவைக்க வேண்டுமென்று என்னைக் கேட்காமலே முடிச்சை அவிழ்த்துவிட்டாள். இப்போது என்னோடு பேசுகிறாள். சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். தீபாவளிக்கு எனக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது. ஃபில்டரில் ஒரு கீறல்கூட இல்லை.