கூப்பாடு பேசாமல் இருந்த முக்கால் மணி நேரம்

உலகத்தில் உள்ள உண்மை எல்லாம் தன் வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்று நம்பிய ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு கோல்கீப்பர். தென் அமெரிக்காவில் உருகுவே என்கிற நாட்டுக்காரர். பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருந்தது. தோஹாவில் நஜ்மா பக்கம் இருந்த எங்கள் ஆட்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. அவர் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் அடுப்படிக்கு வந்துவிடும். ஆகவே கூப்பாடு என்று வைத்தோம். அவரையே அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்து, "எஸ்!" என்பார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பந்து விளையாட்டு கிளப்பில் மைதானத்துக்குத் தண்ணீர் அடிக்கிற வேலையில் இருந்தார். அந்த மைதானத்தில் புல் கிடையாது, வெறும் மண். டேங்கர் லாரியில் வரும் தண்ணீரைக் குழாய் வைத்து அடித்து, உருளை ஓட்டி, பறக்காமலும் பாறையாகாமலும் வைத்திருக்க வேண்டும். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இரண்டு லீவில் வந்தவரோடு நான் இருந்தது மொத்தம் நான்கு மாதம். ஆறாவது வருடம் கிளப் தலைவர் மனசு வைத்து விசா கொடுத்ததால் நான் போய்ச் சேர்ந்தேன். மைதானத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு அடுப்பு, ஒரு தையல் மிஷின். அவ்வளவுதான் குடித்தனம்.

கூப்பாட்டை முதலில் ஏசி ஹோட்டலில்தான் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவர் ஹோட்டல் அடுப்படிக்குள்ளேயே போய், இறைச்சியை எப்படி வாட்ட வேண்டும் என்று சமையல்காரருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சமையல்காரர் கரண்டியோடு விரட்டினாராம். அந்த வாரமே அவரைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்து அறையில் போட்டார்கள். நடுவில் இருந்தது பிளைவுட் சுவர். அதற்குப் பிறகு எங்களுக்கு ரேடியோ தேவைப்படவில்லை.

இங்கிலீஷ் பாதி, அரபி கால், இந்தி கால், மீதிக்குக் கை, கால், புருவம் என்று அவர் பேசுவார். என் வீட்டுக்காரர் பம்பாயில் கொஞ்ச நாள் இருந்தவர். கேட்டுவந்து எனக்குத் தமிழில் சொல்லுவார்.

"ஏட்டி, அந்த மனுசன் இதுவரைக்கும் அஞ்சு கிளப்பு மாறியிருக்காராம். ஒவ்வொரு கிளப்புலயும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். உடனே அனுப்பிட்டானுவளாம்."

"அப்படி என்ன சொன்னாராம்?"

"ஒரு ஊருல, கோல் கம்பத்தை மந்திரிச்சுக் கொடுக்கப் பாதிரியார் வந்திருக்காரு. இவரு போயி, 'சாமி, கம்பம் ஒழுங்காத்தான் நிக்கி. முன்னால நிக்கானுவளே நாலு பேரு, அவனுவள மந்திரியும்'னு சொல்லிட்டாராம்."

இன்னொரு கிளப்பில் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாராம். இவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, "அவர் தூங்கும்போதுதான் நாங்கள் நன்றாக ஆடுகிறோம், யாரும் எழுப்பாதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் பேப்பரில் வந்தது. அதற்கு மறுநாள் இவர் ரயிலில் ஏறினார். இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் கடல் தாண்டி எங்கள் பிளைவுட் சுவர் வரைக்கும் வந்துவிட்டார்.

அவர் பிறரை மட்டும் விட்டுவைக்காத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கோல் விட்டுவிட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன்னையே திட்டுவார். திட்டுகிறவர் ஒரு குரலில் கேட்பார், திட்டு வாங்குகிறவர் இன்னொரு குரலில் பதில் சொல்லுவார். சில நாள் திட்டு வாங்குகிறவர் எதிர்த்துப் பேசிவிட, சண்டை பெரிதாகிவிடும். யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

காலையில் சுரைக்குடுவை மாதிரி ஒன்றில் ஏதோ இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, இரும்புக் குழலால் உறிஞ்சுவார். அவர் ஊரில் எல்லோரும் குடிப்பதாம். கொண்டுவந்த தூள் தீர்ந்த அன்று மைதானமே நடுங்கியது. டீத்தூள் கொடுத்துப் பார்த்தோம். "மாஃபி!", ஆகாது என்று கொட்டிவிட்டார். கடைசியில், காய்ச்சலுக்கு ஆகும் என்று அம்மா கொடுத்துவிட்டிருந்த நிலவேம்புப் பொடியை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற கஷாயம் அது. கூப்பாடு ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணை மூடினார். பிறகு பிளைவுட் சுவரை மூன்று தட்டுத் தட்டி, "மேடம்! வெரி குட்!" என்றார். ஒரு மாதத்தில் டப்பா காலி. அந்த வருடம் அவர் ஒருவருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை.

எங்கள் வீட்டுச் சாம்பாரையும் ஒரு நாள் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் திரும்பி வந்தது, கூடவே சேதியும் வந்தது.

"உப்பு அதிகம்னு சொல்லச் சொன்னாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கும் அப்படித்தான் இருக்கா?"

அவர் சுவரைப் பார்த்தார். "கொஞ்சம் கூடத்தான்."

"எத்தனை நாளா?"

"நீ வந்ததுல இருந்து."

வேறு ஆளாக இருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்ததே என்று சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் அந்த மனிதரிடம் நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர் வாசலில் நின்றால் நான் அடுப்படியில் நிற்பேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

இப்படி இருக்கையில் மைதானம் பாறையாகிவிட்டது. வாரத்தில் இரண்டு முறை வர வேண்டிய டேங்கர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தது. கோல்கீப்பர் என்றால் விழுந்து புரள வேண்டுமே! ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் முழங்கையிலும் இடுப்பிலும் தோல் இல்லாமல் வருவார். "மாய் மாஃபி! வாட்டர் மாஃபி! தண்ணி மாஃபி!", தண்ணீர் இல்லை என்று மூன்று மொழியில் கத்துவார். பழைய மெத்தைத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து முழங்கைக்கு உறை தைத்துத் தருகிறேன் என்றேன், என் வீட்டுக்காரரிடம்தான். அவர் போய் நூலைச் சுற்றி அளவெடுத்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். அளவெடுக்கும்போதும் கூப்பாடு கையை ஆட்டி ஆட்டிப் பேசியதால் வலது கை உறை சரியாகவும், இடது கை உறை ஒரு தலையணை அளவுக்கும் வந்தது. அதையும் போட்டுக்கொண்டு ஆடினார்.

ஒரு நாள் காலையில் ஓடப் போனவர் டேங்கரைக் கண்டுபிடித்துவிட்டார். கிளப் செக்ரட்டரி மைதானத்துக்கு நாலு மனை தள்ளிப் புது மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். சிமெண்ட் சுவர் வெயிலில் வெடிக்காமல் இருக்க நாள் முழுக்க நனைக்க வேண்டும் இல்லையா? மைதானத்துத் தண்ணீர் அங்கே சுவர் வழியாக வழிந்துகொண்டிருந்தது.

கூப்பாடு நேரே எங்களிடம் வந்தார். கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்குத் தலைவர் வருகிறார், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன் என்றார். இது எப்படியோ செக்ரட்டரி காதுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, நஜ்மா முழுக்கக் கேட்கும்படிதான் அவர் எங்களிடம் இரகசியம் சொன்னார்.

செக்ரட்டரி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஒரு பேச்சு வெளிய போனா, தண்ணியை வெளிய வித்தது நான்தான்னு எழுதிருவாராம். மறுநாளே நம்ம ரெண்டு பேரும் பிளேன்ல."

ஊருக்குப் போனால் அவர் மறுபடியும் ஏதாவது கேம்ப் வேலைக்கு வருவார். தனியாகத்தான் வருவார். நான் மறுபடியும் லீவை எண்ணிக்கொண்டு இருப்பேன். இரண்டு பேருக்கும் இது தெரியும்.

என் வீட்டுக்காரர் கூப்பாட்டிடம் போய்க் கெஞ்சினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், "கலாஸ்", முடிந்தது என்று உதட்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். போகும்போது ஒரு விளக்கமும் சொல்லிவிட்டுப் போனார்.

"பாதி மட்டும் பேச அவருக்குத் தெரியாதாம்லா" என்றார் என் வீட்டுக்காரர். "வாயைத் தொறந்தா எல்லாம் சேந்து வந்துருமாம். அதனால அன்னைக்கு முழுக்கத் தொறக்கவே மாட்டாராம்."

நல்ல மனசு என்று நினைத்தோம். அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கோல்கீப்பருக்குக் கைதான் முக்கியம் என்று நான் நினைத்திருந்தேன். வாய்தான் முக்கியம். முன்னால் நிற்கிற நான்கு பேருக்கும் முதுகுப் பக்கம் கண் கிடையாது. எவன் வருகிறான், நீ வலது போ, நீ அவனைப் பிடி என்று எல்லாம் பின்னாலிருந்து கூப்பாடு கத்துவதை வைத்துத்தான் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் மொழி ஒரு எழுத்து தெரியாது, ஆனால் எந்தக் கத்தலுக்கு எங்கே ஓட வேண்டும் என்று தெரியும். அன்று சத்தமே இல்லை. நான்கு பேரும் கண்ணைக் கட்டி விட்டவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

நான் எங்கள் அறைக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தேன். முதல் கோல். பிறகு இரண்டு. மூன்று. கூப்பாடு ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பந்தலில் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். டாக்டரை அனுப்பினார். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். எப்போதும் அதிகமாகத் திட்டு வாங்குகிற ஆட்டக்காரன் ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான். "யல்லா, ம், சீக்கிரம் திட்டு! என்னைத் திட்டு!" என்று கெஞ்சினான். கூப்பாடு தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர்.

இடைவேளையில் காயத்தைக் கழுவ எங்கள் அறைக்குப் பக்கத்துக் குழாயடிக்கு வந்தார். முழங்கையில் உறை கிழிந்து, நான் வைத்துத் தைத்த பஞ்சு சிவப்பாகத் தொங்கியது. பின்னாலேயே என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"ஏட்டி, மனுசன் செத்துருவாரு போலிருக்கு. என்ன செய்ய? நீ என்ன சொல்லுத?"

நான் வாளியிலிருந்து இறங்கினேன். குழாயடிக்குப் போனேன். அதுவரைக்கும் அந்த மனிதரின் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை.

"நீங்க பேசுங்க" என்றேன். தமிழில்தான். எனக்கு வேறு என்ன தெரியும்?

அவருக்குப் புரிந்தது. ஆனால் உடனே வாயைத் திறக்கவில்லை. கையை விமானம் மாதிரி மேலே பறக்கவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் காட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

"போனாப் போறோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, "யல்லா" என்று கூப்பாட்டின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

இரண்டாவது பாதி முழுக்க அவர் மூச்சுவிட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. முதல் பாதிக்குச் சேர்த்துவைத்திருந்ததும் வந்தது. முன்னால் நிற்பவர்களுக்கு ஒரு கத்தல், பந்தலைப் பார்த்து ஒரு கத்தல், மண்ணைக் காட்டி ஒன்று, செக்ரட்டரியைக் காட்டி ஒன்று. எல்லாம் அவர் தாய்மொழி. பந்தலில் ஒருவருக்கும் புரியவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு கோல் திருப்பிப் போட்டார்கள், எதிராளிகளுக்கு ஒன்றுகூட விழவில்லை. மூன்றுக்கு இரண்டு. கோப்பை போனது. ஆனால் தலைவர் பந்தலை விட்டு இறங்கி நேரே கோல் கம்பத்துக்கு வந்தார்.

கூப்பாடு முழங்கையைக் காட்டினார். காலால் தரையைத் தட்டிக் காட்டினார். பிறகு மதிலுக்கு மேலே எழும்பி நின்ற புது வீட்டுச் சுவரைக் காட்டினார். அது வெயிலில் குளித்துவிட்டு நின்ற மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். செக்ரட்டரி இரண்டு அடி தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருந்தார். சாம்பாரைப் பற்றிக்கூட வாய் திறக்காத மனிதர் எங்கள் வீட்டுக்காரர். "டேங்கர் அங்கே போகுது, ஐயா. இங்கே வரல" என்று தெரிந்த அரபியில் சொல்லிவிட்டார்.

செக்ரட்டரி மறுவாரம் இல்லை. டேங்கர் மறுநாளே வந்தது. நாங்கள் அந்த அறையில் மேலும் பதினோரு வருடம் இருந்தோம்.

கூப்பாடும் இருந்திருப்பார். தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு என்ன வேண்டும் கேள் என்றார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.

"நீங்க வருசத்துல ஒரு நாள் வாறீங்க. தண்ணி தினமும் போவுது" என்று சொன்னாராம். இதை மட்டும் எப்படியோ சுத்தமான அரபியில் சொல்லிவிட்டார். பந்தல் முழுக்கப் புரிந்தது.

"ஆறாவது கிளப்பு" என்றார் என் வீட்டுக்காரர்.

பத்தாம் நாள் டிக்கெட் வந்தது. கார் வந்து நின்றபோது பெட்டியை எப்படிக் கட்ட வேண்டும் என்று டிரைவரோடு ஒரு சண்டை போட்டு முடித்தார். பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார். நான் அடுப்படிக்குப் போகவில்லை. அவர் பேச ஆரம்பித்தார். இங்கிலீஷ் இல்லை, அரபி இல்லை, முழுக்க அவர் மொழி. கையை ஆட்டி, நெஞ்சைத் தொட்டு, ஒரு இடத்தில் தன்னையே திட்டி, ஒரு இடத்தில் சிரித்து, வெகு நேரம் பேசினார். டிரைவர் மூன்று தரம் ஹாரன் அடித்தான். என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவர் தானாக நிறுத்துகிற வரைக்கும் நின்று கேட்டேன்.