வலப்பக்கம் திரும்பாத கழுத்தும் வடசேரி லைசென்ஸும்

நம்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருந்த மனிதர், கன்னியாகுமரி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வடசேரியில் அக்குபஞ்சர் ஊசி குத்துகிறவர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். ஊருக்கு அவர் லைசென்ஸ்.

அவரிடம் நான் போகக் காரணம் என் கழுத்து. ஒரு நாள் காலையில் எழுந்தபோது அது இடப்பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிட்டது. மூன்று தைலம், இரண்டு வகை ஒத்தடம் பார்த்தாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று திற்பரப்பு அருவியிலும் போய்க் கழுத்தைக் கொடுத்தேன். அருவிக்கு ஜலதோஷம் கொடுக்க மட்டுமே தெரிந்திருந்தது.

பேத்தி கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத பிள்ளை. சர்ச் வாசலிலிருந்து அவளைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவன் நான். அவள் நடப்பதோ என் வலப்பக்கம்.

"போட்டோ பூரா, நீங்க அடுத்த வீட்டுப் பிள்ளைக்க கல்யாணத்துக்கு வந்தது போலல்லா இருக்கும்" என்றாள் என் மனைவி.

முதல் நாள் மேசையில் நானூறு ரூபாயை வைத்துவிட்டுப் படுத்தேன். லைசென்ஸ் அசையவில்லை.

"ஓய், நீரு ஒண்ணும் கேக்கல்லியே?"

"என்ன கேக்கணும்?"

"எனக்கு லைசென்ஸ் உண்டாண்ணு கேக்காண்டாமா? எவன் வந்து குத்தினாலும் ஒடம்பக் காட்டுவீராவே? நீரென்ன சந்தைக்கு வந்த பலாப்பழமா?"

ரூபாயை என் சட்டைப் பையில் திணித்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் மறக்காமல் கேட்டேன். மனிதருக்கு முகம் மலர்ந்தது. சுவரில் லைசென்ஸ் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றி, துண்டால் துடைத்து, என் மடியில் வைத்தார்.

"படியும். சத்தமா."

படித்தேன். பதிவு எண் வந்ததும், எதையும் எண்ணிவிடும் பழக்க தோஷத்தில், "பதினொண்ணு இலக்கம்" என்று எண்ணிச் சொன்னேன். அதுவரை யாரும் அதை எண்ணியதில்லை போலிருக்கிறது. பரவசத்தில் படிப்புச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், கடைசியில் ஸ்கூட்டர் லைசென்ஸ் வரை எடுத்துவந்து பரப்பினார். எல்லாம் படித்து முடித்தபோது கடை அடைக்கும் நேரம்.

மூன்றாம் நாள் குத்தினார். கழுத்து ஒரு விரற்கடை திரும்பியது. நானூறு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். இன்னும் ஐந்து தடவை குத்தினால் சரியாகிவிடும் என்றார்.

நான்காம் நாள் போனால், வாசற்படியில் இழவு வீட்டுக்காரர்போல உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தச் சட்டம்.

"நேத்தோட இது முடிஞ்சு போச்சுவே. புதுப்பிக்க எழுதிப் போட்டேன். வரல்ல."

"வரும்போது வரட்டும். நீரு குத்தும்."

"லைசென்ஸ் இல்லாம நான் ஆருவே?"

"நேத்து குத்தின கைதானே ஓய்?"

"கை இருக்கு. அனுமதி இல்லியே!"

கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் என்று கெஞ்சினேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "உம்ம லைசென்ஸ உப்புல ஊறப்போடும்" என்று கத்திவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை குடையோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"பொறப்படும். தக்கலையில குண்டூசி இருக்கான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குண்டூசி என்பது தக்கலையில் இதே தொழில் செய்பவருக்கு லைசென்ஸ் வைத்த பெயர். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் கேட்டார்: "டிரைவருக்கு லைசென்ஸ் உண்டுமா?"

"இல்லைண்ணா எறங்கி நடப்பீராக்கும்?"

"நடப்பேன்."

பஸ்ஸே சிரித்தது. இடப்பக்கத்துச் சிரிப்பை மட்டும் நான் பார்த்தேன்.

தக்கலையில் கதவைத் திறந்த குண்டூசி, "வே, நீரா!" என்று வாய் பிளந்தார். லைசென்ஸ் நலம் விசாரிக்கவில்லை.

"லைசென்ஸக் காட்டும்."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். பிறகு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர்போல, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

குண்டூசி அறுநூறு ரூபாய் கேட்டார்.

"அறுநூறா? நான் நானூறுக்குல்லா குத்துகேன்!"

"அப்பம் நீரே குத்தும்."

லைசென்ஸ் தன் பையிலிருந்து இருநூறு எடுத்து, என் நானூறின் மேல் வைத்தார். "இது என் பங்கு. லைசென்ஸ் முடிஞ்சது எனக்குல்லா, இவருக்கில்லியே."

கழுத்து வலிக்குக் கையிலும் காலிலும் குத்துவார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒன்பது ஊசி. லைசென்ஸ் எனக்கு வலப்பக்கம் எங்கோ இருந்தார். பேச்சு மூச்சு இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குண்டூசி சொன்னார்: "ஊசி கிடக்கட்டும். பைய வலத்தோட்டு திரும்பும்."

திரும்பினேன். திரும்பியது.

ஸ்டூலில் லைசென்ஸ் உட்கார்ந்திருந்தார். வடசேரி முழுவதையும் குத்திய மனிதர், இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, குடைக் கம்பைப் பிடித்தபடி உதடு அசைய ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தாச்சாவே?" என்றார், கண்ணைத் திறக்காமல். "ரொம்ப நோகுதா?"

குண்டூசி ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கினார். நான் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். 'ஒன்பது' என்று சொன்ன பிறகுதான் லைசென்ஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.